முதல் தண்ணீர்

நாலு மாதமாகச் சொட்டு மழையில்லை. அண்ணனின் மீன் குளம் முழங்காலளவுக்கு வற்றிப்போயிருந்தது. அதனால் மழை கொட்டியதுமே, நகரத்து மழைநீர்க் கால்வாயிலிருந்து குளத்துக்கு வரும் மதகை அவன் முழுசாகத் தூக்கிவிட்டான்.

அந்த நேரம் அவன் தங்கை, நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், கால்வாயின் மேல்பக்கம் நனைந்துகொண்டே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், ஒழுகிய எண்ணெய், புகைக்கரி என்று சாலையில் மாதக்கணக்காகப் படிந்ததெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அண்ணனின் குளம் நினைவுக்கு வந்தது. போன் போட்டாள்.

"அண்ணா, மதகைத் திறந்துடாத! முதல் தண்ணி விஷம்."

"போடி பைத்தியம்! வானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. இப்பப் போய் மூடச் சொல்றியே."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். அண்ணி கூடை கூடையாக அள்ளிக் கரையில் கொட்டினாள். தங்கை வந்து சேர்ந்தபோது அண்ணன் கடப்பாரையோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"சாயப்பட்டறைக்காரன்தான் கலந்து விட்டிருக்கான். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

"பட்டறை நம்ம மதகுக்குக் கீழ இருக்குண்ணா. அந்தத் தண்ணி மேல ஏறி வராது. இது ரோட்டு அழுக்கு."

"யாரு போட்டது?"

"பஸ்ஸு, லாரி, என் ஸ்கூட்டர். நீ மீன் ஏத்தற வண்டியுந்தான். எண்ணெய் ஒழுகுதுன்னு நீயே சொல்லலையா?"

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் யார் சட்டையப் பிடிக்கிறது?"

"முதல்ல வந்து மண்வெட்டியப் பிடிங்க, நாறுது" என்றாள் அண்ணி.

மூவரும் குழி வெட்டினார்கள். மழைக்கு முந்தின நாளே சொல்லியிருக்கலாமே என்று தங்கைக்கு மனசு உறுத்தியது.

பிறகு மறுபடி வெயில் காய்ந்தது. அடுத்த மழை தொடங்கியதும் அண்ணனே கூப்பிட்டான். "மதகு மூடியிருக்கு. தண்ணி கறுப்பா ஓடுது. வந்து பாத்துச் சொல்லு."

மூவரும் கரையில் நனைந்தபடி நின்றார்கள். கறுப்பு மெல்ல வெளுத்தது.

"இப்பத் திறக்கலாம்ண்ணா."

அவன் கொஞ்சம்போலத் தூக்கினான்.

"அந்தக் கறுப்புத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஆத்துக்கு, அண்ணி."

அண்ணன் கால்வாய் போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.