கழுதையைக் கொடுத்துவிட்ட அப்பா

"டீச்சர், உளவியல் கேள்வி" என்றுதான் அந்தக் குறுஞ்செய்தி ஆரம்பித்தது.

நகுரு நகரின் வீட்டுப்பாட உதவி மையத்தில் மேஜைகள் இரண்டே. ஒன்றில் ஜெப்கோஸ்கே. மொழி, இலக்கியம், உளவியல் மூன்றும் அவள் பொறுப்பு. எதிர்மேஜை ஒடோங்கோவுக்குக் கணக்கும் அறிவியலும். மாணவர்களின் போனில் பேசுகிற அளவுக்குக் காசு இருக்காது. மிஸ்டு கால் கொடுப்பார்கள், மையம் திருப்பி அழைக்கும்.

இந்த மாணவி சூஹுரா. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பவள், விடுமுறைக்கு லாமு தீவில் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"எங்க அப்பா வீடு வீடா போய் மன்னிப்பு கேக்கிறார். சண்டைக்காரங்ககிட்டகூட. கழுதையைத் தம்பி மகனுக்குக் கொடுத்துட்டார், படகையும். அம்மாகிட்ட பிள்ளைங்களைப் பாத்துக்கன்னு சொல்றார். வெள்ளைத் துணி வாங்கி மடிச்சு வச்சிருக்கார். இன்னிக்கு எல்லார்கிட்டயும் விடை வாங்கறார். அவர் மனநிலை என்ன?"

ஜெப்கோஸ்கே குடித்துக்கொண்டிருந்த தேநீரை மேஜையில் வைத்தாள். உடைமைகளைக் கொடுத்துவிடுவது, எல்லோரிடமும் விடைபெறுவது. உயிரை விடத் துணிந்தவர்களிடம் தெரியும் அறிகுறிகள் இவை என்று அவளே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

உடனே அழைத்தாள். சூஹுராவின் போன் அணைந்திருந்தது.

"என்ன ஜெப், எவனாவது கட்டுரையில உன்னைத் திட்டிட்டானா? முகம் வெளுத்துப் போச்சு" என்றான் ஒடோங்கோ.

"ஒரு பொண்ணோட அப்பா சாகப் போறார்."

அவன் செய்தியை வாங்கிப் படித்தான். அதன்பின் அவனுக்கும் கேலி வரவில்லை. "விடாம அடி. மத்த போனை நான் பாத்துக்கறேன்."

மற்ற போனில் ஒரு மிஸ்டு கால். ஒடோங்கோ திருப்பி அழைத்து, பையனின் கேள்வியைக் கேட்டான். "டேய் தம்பி, உவமையா உருவகமாங்கிறதை நாளைக்குக் கேளு, உயிர் போற விஷயம் ஓடுது!" என்று கத்தினான். எதிர்முனையில் பையன் நிதானமாகச் சொன்னான்: "சார், நீங்க இப்ப சொன்னது உயர்வு நவிற்சிதானே?"

ஜெப்கோஸ்கே விடாமல் அழைத்தாள். கடைசியில் ஒரு வழியாக மணி அடித்தது. எடுத்ததும் ஒரே இரைச்சல். பறைச் சத்தம், நடுவில் ஒரு பெண்ணின் அழுகை.

"சூஹுரா! அப்பா எங்கே?"

"படகுத்துறைக்குக் கிளம்பிட்டார் டீச்சர்."

"விடாதே! ஓடிப்போய்ப் பிடி!"

"எதுக்கு டீச்சர்? ஊரே வழியனுப்ப வந்திருக்கு."

"வழியனுப்பவா?"

"ஹஜ்ஜுக்குப் போறார் டீச்சர். மக்காவுக்கு. அந்த வெள்ளைத் துணி அங்க உடுத்திக்கத்தான்."

ஜெப்கோஸ்கே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கெரிச்சோவின் தேயிலை மலையில் தேவாலய மணி கேட்டு வளர்ந்தவள். ஹஜ் என்றால் தெரியும். அதற்குப் புறப்படுகிறவர் திரும்பாமலே போகலாம் என்று நினைத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவார் என்பது தெரியாது.

"அதை ஏம்மா எழுதலை?"

"கல்லூரியில வீட்டுப்பாடம் கொடுத்தப்ப அப்படித்தான் சொன்னாங்க டீச்சர். கண்ணால பாத்ததை மட்டும் எழுதணும், காரணத்தை எழுதக் கூடாதுன்னு."

"அப்ப அங்க அழறது யாரு?"

"அம்மாதான். தன்னையும் கூட்டிட்டுப் போகலைன்னு கோவம்!"

ஜெப்கோஸ்கேக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. ஒடோங்கோ பதறிப்போய், "இருக்காரா?" என்று உதட்டை அசைத்தான். அவள் தலையாட்டியதும் அவளுடைய தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

"டீச்சர், அப்பா உங்ககிட்டப் பேசணுங்கிறார்."

கரகரத்த குரல் வந்தது. "மகளே, என் பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தர்றவளாமே நீ. என்னால உனக்கு ஏதாவது மனக்கஷ்டம் வந்திருந்தா மன்னிச்சிடும்மா."

"வந்துச்சுங்க ஐயா, இப்பத்தான். கொஞ்சநஞ்சமில்லை" என்றாள் அவள். "மன்னிச்சாச்சு. நல்லபடியா போயிட்டு வாங்க."

பெரியவர் காரணம் கேட்கவில்லை. மன்னிப்புக் கிடைத்த திருப்தியோடு போனை மகளிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

"டீச்சர், அப்ப பதில்?"

"எழுதிக்கோ. அவர் மனசு லேசா இருக்கு."

"அவ்வளவுதானா? ஒரு பக்கம் எழுதணும் டீச்சர்."

"மிச்சத்துக்கு இன்னிக்கு என் மனநிலையைப் பத்தி எழுது" என்றாள் ஜெப்கோஸ்கே. "முதல்ல போய் அப்பாவுக்குக் கையசைச்சிட்டு வா, படகு போயிடப் போகுது."