மூன்று கட்டிலும் நான்கு பேரும்

திங்கட்கிழமை காலை என்றால் அனிதா மேரிக்கு இட்லி இறங்காது. இட்லி மேல் குற்றமில்லை, பட்டியல்தான் காரணம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதியில் வெளுத்துப்போன புளியமரங்களுக்குப் பின்னால் நிற்கிறது அந்தத் தனியார் பள்ளி. அங்கே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தேர்வு. திங்கள் காலை ரேங்க் பட்டியலை வகுப்பாசிரியை வாசிக்க வேண்டும். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு எண். ஒன்றாம் எண் மின்விசிறிக்கு நேர் கீழே. நாற்பத்தைந்தாம் எண் கதவோரம், குப்பைத் தொட்டியை ஒட்டி. நாற்பத்தாறாவது ஆளுக்கு அந்த வகுப்பில் இடமே கிடையாது. கதவைத் தாண்டி அடுத்த பிரிவுக்குப் போக வேண்டும். விடுதியிலும் புதுக் கட்டிடத்தை விட்டுப் பெட்டி படுக்கையோடு பழைய கட்டிடத்துக்கு இறங்க வேண்டும். சந்தையில் மாட்டைப் பல் பார்த்துக் கட்டுவது மாதிரி இருக்கிறதே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு வருடத்தில் கோபம் தேய்ந்து அருவருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அருவருப்பை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை நாற்பத்தாறாவதாக அவள் வாசித்த பெயர் தேவயானி. அரும்பாவூர்க்காரப் பெண். ஜூலையில்தான் பழைய கட்டிடத்திலிருந்து மேலே ஏறி வந்தவள். இறங்குகிற பிள்ளைகள் வழக்கமாக அழுவார்கள், இல்லாவிட்டால் காலணியைப் பார்த்துக்கொண்டே போவார்கள். இவள் பையை மாட்டிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தாள்.

"மிஸ், பதினாலாவது கேள்வி எனக்கு ஏன் தப்பு?"

அந்தப் பள்ளியில் கேள்வி என்பது தாளில் வருவது, பிள்ளைகள் வாயில் வருவதில்லை. "மத்தியானம் லேப்புக்கு வா" என்றாள் அனிதா. அது எந்தக் கேள்வி என்று தாளைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டில் எதன் முதல் அயனியாக்கும் ஆற்றல் அதிகம் என்பதுதான் அந்தக் கேள்வி. அதாவது, ஓர் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டுமானால் எதற்குக் கூடுதல் சக்தி வேண்டும் என்று அர்த்தம். தனிம அட்டவணையில் இடமிருந்து வலம் போகப் போக இந்த ஆற்றல் கூடும் என்பது பொது விதி. அதன்படி பார்த்தால் ஆக்சிஜன். ஆனால் அந்த இடத்தில் விதி இடறுகிறது, சரியான விடை நைட்ரஜன். மூன்று வருடத்துக்கு முன் அரையாண்டு விடுமுறையில், பள்ளி விற்கும் வினா விடைப் புத்தகத்துக்காகப் பதினோரு நாளில் அறுநூறு கேள்வி எழுதிக் கொடுத்தவள் அனிதா. விதியைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஆக்சிஜன் என்று போட்டுவிட்டாள். எம்.எஸ்ஸி. படித்தவளுக்குத் தெரியாததில்லை. பிள்ளைகளுக்குக் கையை இடமிருந்து வலம் வீசி 'கூடும்', மேலிருந்து கீழ் வீசி 'குறையும்' என்று உடற்பயிற்சி போலச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, அவள் கையே மூளையை முந்திக்கொண்டது. போன வருடம் தப்பு கண்ணில் பட்டது. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த பதிப்பு புது அட்டையும் தாளாளரின் புதுப் படமும் போட்டு, அதே தப்போடு வந்தது. அதற்கும் வாய் திறக்கவில்லை. விடைத்தாள் திருத்துவதற்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். பிள்ளைகள் விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்கிய தாள்மேல் அட்டையை வைக்க வேண்டியது, ஓட்டையில் கறுப்பு தெரிந்தால் ஒரு மதிப்பெண், வெள்ளை தெரிந்தால் பூஜ்யம். அட்டை யோசிக்காது. மூன்று வருடமாக அவளும் யோசிக்கவில்லை.

லேப் என்பது பெயருக்குத்தான். மேசைகள்மேல் சேர்க்கை விளம்பர பேனர்கள் சுருட்டிக் கிடந்தன. சோடியம் புட்டியில் மண்ணெண்ணெய் வற்றி உள்ளே என்னவோ வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு பீக்கருக்குள் பல்லி முட்டை போட்டிருந்தது. ஆய்வுக்கு ஆள் வரும் அன்றைக்கு மட்டும் கழுவித் துடைப்பார்கள். தேவயானி சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணைக்கு முன் போய் நின்றாள்.

"மிஸ், வெங்காயத்துல தோலு ஒண்ணொண்ணா கூடினா காய் பெருக்கும். மேலேர்ந்து கீழ வர்றப்ப அதுதானே நடக்குது? புதுசா ஒரு சுத்து, அதனால அணு பெருசாவுது. அது எனக்கு மொதவே புரிஞ்சிருச்சு. எடமிருந்து வலம் போறப்ப எலக்ட்ரான் கூடிக்கிட்டே போவுது, ஆனா அணு சின்னதாவுதுன்னு போட்டுருக்கு. அதுதான் மண்டையில ஏறவே இல்ல. அப்புறம் எங்க அப்பா வெங்காயத்த ஓல மூடி சேத்து வெச்சுருக்குற பட்டறைக் காய நெனச்சு பாத்தேன். நாளாக நாளாக தோலு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இறுகிடுது. இங்கயும் சுத்து அதேதான், நடுவுல இருந்து இழுக்குறதுதான் கூடுது. அப்ப இறுகத்தானே செய்யும்?"

"இத யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல மிஸ். பட்டறைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரியும். ஆனா அப்படி நெனச்சாத்தான் பிடிபடுது." ஆக்சிஜன் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "பழைய பிளாக்குல எங்க ரூம்ல மூணு கட்டில். மூணு பேரு இருந்தப்ப ஆளுக்கு ஒண்ணு. யாரையும் லேசுல கெளப்ப முடியாது. நாலாவதா ஒருத்தி வந்தா. ஒரு கட்டில்ல ரெண்டு பேரு, இடிச்சுக்கிட்டு, தள்ளிக்கிட்டு. அதுல ஒருத்திய வெளிய வான்னு கூப்புட்டா ஒடனே எந்திரிச்சு வந்துடுவா. நைட்ரஜன்ல கடைசி மூணு கட்டிலுக்கு மூணு எலக்ட்ரான். ஆக்சிஜன்ல நாலு பேரு. அப்ப ஆக்சிஜன்லேர்ந்துதானே லேசா புடுங்கலாம்? நைட்ரஜன்தானே மிஸ் கஷ்டம்?"

'பாதி நிரம்பிய ஆர்பிட்டால்' என்று அனிதா ஏட்டில் படித்து, ஏட்டிலேயே விட்டுவிட்ட சொற்களுக்கு இந்தப் பெண் கட்டிலும் பாயும் போட்டு ஆளைப் படுக்க வைத்துவிட்டாள். ஆறு வருடத்தில் அவளிடம் ஆயிரம் பிள்ளைகள் படித்திருப்பார்கள். புரிந்துகொண்டது என்று கையை நீட்டிச் சொல்ல இந்த ஒருத்திதான்.

"நீ சொல்றது சரி. புக்குதான் தப்பு. நான் சார்கிட்ட பேசுறேன்" என்றாள். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

தாளாளர் கலையரசன் முன்பு கல் குவாரி நடத்தியவர். குவாரியை விற்றுவிட்டுப் பள்ளி கட்டினார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. அனிதா உள்ளே போனபோது போண்டா தின்றுகொண்டிருந்தார். அவள் நீட்டிய புத்தகத்தை எண்ணெய் விரலாலேயே புரட்டி, பதில் இருந்த பக்கத்தில் ஒரு கறையை வைத்தார்.

"எத்தன பேரு மிஸ் ஆக்சிஜன்னு போட்டாங்க?"

"நூத்தி எழுபத்தி மூணு பேரு சார். ஏழு பேருதான் நைட்ரஜன். அதுலயும் ஆறு பேரு குத்துமதிப்பா போட்டது."

"அப்ப நூத்தி எழுபத்தி மூணு பேருகிட்ட மார்க்க புடுங்கி ஏழு பேருக்கு குடுக்கணுங்கிறீங்க. நாளைக்கு அத்தன பேரு அப்பனும் கேட்டுல வந்து நிப்பான். எங்க புக்கே தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"தப்பு தப்புதானே சார்."

"யாரு போட்ட புக்கு?"

அனிதா புத்தகத்தை எடுத்து மூடினாள். அவர் இரண்டாவது போண்டாவைப் பிட்டார். "பப்ளிக் எக்ஸாமுக்கு முந்துன நாளு ஒரு வார்த்த சொல்லிக்கலாம். அது வரைக்கும் புள்ளைங்கள கொழப்பாதீங்க. அந்தப் பொண்ணு ஏதோ கட்டில் கத சொல்லிக்கிட்டுத் திரியுதாம்ல, வார்டன் சொன்னாங்க. அதுவும் வேணாம். காலையில கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேள்வி வேற கேட்டுச்சாம். அவங்க அப்பாவ அப்பவே வரச் சொல்லிருக்கேன், நீங்களே பேசி அனுப்பிடுங்க."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஒன்றைப் பிடுங்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஆறு வருடமாகப் பாடம் நடத்துகிறவள், தன்னைப் பிடுங்க ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்ததை நினைத்தாள். குழாயடியில் போய் வாய் கொப்பளித்துத் துப்பினாள். போண்டா தின்றவர் அவர், நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு என்னவோ இவளுக்கு.

மூன்று மணிக்குத் தேவயானியின் அப்பா பிச்சைமுத்து வந்தார். அரும்பாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த கை, நகக் கண்ணில் இன்னும் செம்மண். தாளாளர் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று, வெங்காயம் நிறைந்த ஒரு வலைப்பையை அனிதாவிடம் நீட்டினார். கதவு திறந்தே கிடந்தது.

"எதுத்துப் பேசுதாங்க டீச்சரம்மா? காயப் புடுங்கிப் போட்டது மழையில கெடக்குது, போட்டது போட்டபடி ஓடியாறேன்." பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்ஸுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்? புக்குல என்னா போட்டுருக்கோ அத எழுதிட்டுப் போவேன் பாப்பா." பிறகு அனிதாவிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஏங்க, புக்குல இருக்கறதுதானே சரி?"

தேவயானி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. விடை தெரிந்தவர் விடை சொல்லக் காத்திருக்கிற பார்வை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறைக்குள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"நல்லா படிக்கிற பொண்ணுதாங்க. அடுத்த வாரம் மேல வந்துடுவா" என்றாள் அனிதா.

கேட்டதற்குப் பதில் அது இல்லை என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தேவயானிக்குத் தெரிந்தது. அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள் அனிதா. அந்தச் சோற்றை இன்னொருவருக்கு ஊட்டிவிட்டும் அனுப்பலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"புதுக் காயிங்க, ஈரம் வாங்கியிருக்கு" என்றார் அவர் போகும்போது. "கட்டி வெச்சுடாதீங்க. காத்தாடக் கொட்டி வெயுங்க."

பெற்றோரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று ஆசிரியர் அறையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. யார் கண்ணிலும் படாமலிருக்க அந்த வலைப்பையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, தன் இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். வீட்டுக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை. அதை உரித்துக் குழம்பு வைத்து, அரியலூரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரிமாற அவளால் முடியாது.

அந்த வாரம் முழுக்க தேவயானி எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் பிரிவுக்கும் வேதியியல் அனிதாதான். கையை இடமிருந்து வலம் வீசி 'கூடும்' என்று சொன்னபோது, கடைசி வரிசையில் அவளும் கையை வீசினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பழைய கட்டிடத்தில் அவள்தான் இப்போது நான்காவது ஆள் என்று அனிதா யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் மனதில் நிற்கும் என்பது தாளாளரின் கொள்கை. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அதே கேள்வி, இருபத்திரண்டாவதாக. திருத்துகிற அறையில் அனிதா தேவயானியின் தாளை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். அட்டையை மேலே வைத்தாள். ஒன்றிரண்டு தவிர எல்லா ஓட்டையிலும் கறுப்பு. இருபத்திரண்டாம் ஓட்டையிலும் கறுப்பு. அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் நைட்ரஜன் வட்டத்தைத்தான் கறுப்பாக்கியிருக்கிறாள். பிறகு அதை அழித்திருக்கிறாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் நைந்து, அடியில் மேசையின் நிறம் தெரிந்தது.

"ஏழு. தேவயானி."

திங்கள் காலை அந்தப் பெயரை வாசித்தபோது அவள் பக்கத்து வகுப்பிலிருந்து பையோடு வந்து, மின்விசிறிக்கு அருகில், ஏழாம் எண் மேல் உட்கார்ந்தாள். மேசையைக் கடக்கும்போது நின்று, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள். அதில் கிண்டல் இருந்திருந்தால் அனிதா தாங்கியிருப்பாள். ஒரு துளிகூட இல்லை.

மதிய இடைவேளைக்குப் பிறகு ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியர் மணிவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "மிஸ், ஒங்க பீரோவுல எலி கிலி செத்துக் கெடக்கா? காலையிலேர்ந்து குடலப் புடுங்குது."

அவள் பூட்டைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் உறை உப்பியிருந்தது, அதன் மூலையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்து பழைய வினாத்தாள் கட்டை நனைத்திருந்தது. மணிவேல் சன்னலைத் திறக்க ஓடினார். சுவருக்கு அப்பால் அனிதாவின் வகுப்பில் முதல் பத்து ரேங்க் பிள்ளைகள் முறை வைத்துப் புத்தகத்தை உரக்க வாசித்து மற்றவர்களைச் சொல்ல வைக்கும் நேரம் அது. ஏழாவது ஆளின் முறை போலும். தேவயானியின் குரல் கணீரென்று வந்தது.

"நைட்ரஜன், ஆக்சிஜன், இதில் முதல் அயனியாக்கும் ஆற்றல் மிகுந்தது எது?"

"ஆக்சிஜன்!"

"கேக்கல."

"ஆக்சிஜன்!"

அனிதா முடிச்சை அவிழ்த்து உறைக்குள் கையை விட்டாள். ஒன்றிரண்டாவது தேறும், அதையாவது எடுத்துவிடலாம் என்று தேடினாள். மேலாக ஒரு காய் அகப்பட்டது. தோல் சிவந்து, பளபளவென்று, அப்பழுக்கில்லாமல் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் உள்ளே போய்விட்டது.