காலை ஆறு மணிக்கு எடுத்த சூடு

உயரழுத்த மின்கம்பிகளை வெப்பம் காட்டும் கேமரா வழியே பார்த்துச் சூடு குறிப்பது அவருடைய வேலை. அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கழுகு என்பார்கள். கழுகுக்கு வெயில் ஆகாது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

கம்பிகளை இணைக்கும் ஒரு ஜாயின்ட் கெட்டிருந்தால், ஊரே மின்சாரத்தை இழுக்கிற நேரத்தில்தான் அது கொதிக்கும். விடியற்காலையில் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி சமர்த்தாகக் கிடக்கும். இதெல்லாம் கழுகுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் மூன்று சுற்றாகக் காலை ஆறு மணிக்கே போய் அளவெடுத்து, நேரம் என்ற கட்டத்தில் 'பிற்பகல் இரண்டு' என்று கூசாமல் எழுதினார். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

நாலாவது சுற்றுக்குப் போன அன்று வண்டி பஞ்சராகி, வந்து சேர நிஜமாகவே இரண்டு மணியாகிவிட்டது. நாற்பத்தேழாம் மின்கோபுரத்தைத் தாண்டிச் சாலைக்கு மேலே போகும் கம்பியைப் பார்த்தார். நூற்று நாற்பத்தாறு டிகிரி. கேமராவைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நூற்று நாற்பத்தொன்பது. ஜாயின்ட் எந்த நேரமும் அறுந்து விழலாம்.

கம்பிக்கு நேர் கீழே சிக்னல். சிவப்பு விழுந்தால் முப்பது நாற்பது வண்டிகள் நிற்கும். ஓரத்தில் அவர் மனைவியின் தம்பி நடத்தும் டயர் கடை. லைனுக்கு அடியில் கடை போடலாமா என்று அவன் கேட்டபோது, நான் இருக்கேன்ல என்று மார்தட்டியவர் இதே கழுகுதான்.

"கடையை மூடுடா! எல்லாரையும் கிளப்பு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"வெயில் தலைக்கேறிருச்சா மாமா? உள்ள வந்து உக்காருங்க" என்று மச்சான் சிரித்தான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். பணியில் இருந்த அம்மாள் எடுத்தார்.

"நாப்பத்தேழைத் தாண்டி ஒரு ஜாயின்ட் அறுந்துரும் மேடம். உடனே லைனை நிறுத்துங்க."

"போன மாசம் முப்பத்தஞ்சு டிகிரின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? பாதி ஊருக்குப் போற லைன். சும்மா நிறுத்துனா என் தலைதான் உருளும்."

இந்தப் பேச்செல்லாம் பதிவாகும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"அது பொய் மேடம். மூணு தடவையும் காலையில எடுத்துட்டு மத்தியானம்னு எழுதுனேன்."

அம்மாள் போனை வைத்தார். ஒரு நிமிஷத்தில் லைன் நின்றது. சிக்னலும் அணைந்தது. வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு கம்பிக்கு அடியிலேயே அடைத்துக்கொண்டன.

அரை மணியில் பொறியாளர் புதுக் கேமராவோடு வந்து பார்த்தார். நாற்பத்துநாலு டிகிரி. மின்சாரம் ஓடாத கம்பி எங்கே சுடும்?

"எங்கய்யா கொதிக்குது?"

"ஓடுறப்ப பார்த்தேன் சார்."

"படம் எங்க?"

"மெமரி கார்டு போன வருஷமே போயிருச்சு. கையாலதான் எழுதுறேன்."

"நீ எழுதுற லட்சணத்தைத்தான் கேட்டுட்டு வர்றேனே!"

"கால்ல விழுறேன் சார். ஆளை ஏத்தி ஒரு தடவை ஜாயின்டைப் பிரிச்சுப் பாருங்க. அப்படியே சப்ளை குடுத்தா அறுந்து விழுந்துரும்."

"ஆளுங்க வர ரெண்டு மணி நேரமாகும். மேலேருந்து போன் மேல போன். பத்து நிமிஷத்துல சப்ளை குடுத்தாகணும்."

உண்மையைச் சொன்னதால்தான் லைன் நின்றது. அதைச் சொன்னதாலேயே அவர் பேச்சு செல்லாக்காசாகிவிட்டது. கழுகு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் நகர்வதாக இல்லை.

கோபுரத்தில் ஆள் இருக்கும்போது கம்பிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அந்த விதியை மீற எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது. அவர் ஓடிப்போய் ஏறினார். யாரும் ஏறாமலிருக்கச் சுற்றியிருந்த முள்கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. கம்பியின் பக்கம் போகாமல் பாதி உயரத்தில் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சப்ளை குடுத்துராதீங்க! ஆள் மேல இருக்கான்!" என்று பொறியாளர் போனில் அலறினார். பிறகு அண்ணாந்து, "இறங்குய்யா! வேலை போயிரும்!" என்றார்.

"அது போயிருச்சு சார். ஆளுங்களை வரச் சொல்லுங்க."

மச்சான் ஓடிவந்தான். "உங்களுக்கு என்ன பைத்தியமா? இறங்குங்க மாமா! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நான் இறங்குனா நீ செத்துருவடா!" கழுகு வாய்விட்டு அழுதார். "நான்தான்டா உன்னை இங்க உக்கார வச்சேன்."

மச்சான் அண்ணாந்து கம்பியைப் பார்த்தான். பிறகு நடுச் சாலைக்கு ஓடி, ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் அடித்து விரட்ட ஆரம்பித்தான்.