விளக்குக்காரியின் தங்கை ஓடவில்லை

விளக்குக்காரி மாதிரிக் கார்களுக்குப் பொருத்திய முகப்பு விளக்குகள் பாட்டரி இல்லாமலே எரிந்தன. அசல் காரை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அலமாரியில் அடுக்கிவைக்கும் கனவான்கள் விளக்கை மட்டும் அவளிடம்தான் செய்யக் கொடுத்தார்கள்; பூச்சி மொய்க்கிறது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு புகார் இருந்ததில்லை. மற்றவர்கள் வெள்ளிச் சாயத்தை அப்பி, மேலே மூடியை ஒட்டிவிடுவார்கள். மூடியைக் குழியில் செருகுவதற்காக அதன் பின்னால் விட்டிருக்கும் முளை கரும்புள்ளியாகத் தெரிந்து, விளக்கைச் செத்த மீனின் கண்ணாக்கிவிடும். அவள் முளையை ராவி எடுப்பாள், குழியை ஆழமாக்குவாள், பளபளக்கும் தகட்டுத் தாளை உள்ளே படியவைப்பாள், மாத்திரை அட்டையின் தெளிந்த பிளாஸ்டிக்கில் ஊசியால் கோடு கீறி மூடுவாள். ஒரு ஜோடிக்கு நான்கு நாள் ஆகும்.

துணிக்கடையில் வேலை பார்த்த அவளுடைய தங்கையை, சாலையைக் கடக்கும்போது ஒரு ஒப்பந்தக்காரரின் கார் அடித்துக் கொன்றது. விசாரணை அதிகாரி அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், 'இறந்தவர் வெளிச்சத்துக்குள் திடீரென ஓடிவந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓடினாளாம்! சிறு வயதிலேயே இடது கால் சூம்பிப்போனவள், கண்ணெதிரே கிளம்பும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றவள். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியத்தில் அந்த மனிதர் கை கூசாமல் எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு சொல்லை அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் விளக்குக்காரி கேட்டது. மூன்று வருடம் செருப்புத் தேய நடந்தாள்.

"ஓடினா என்ன, நடந்தா என்னம்மா? போனவங்க திரும்பியா வரப்போறாங்க?" என்றார் அதிகாரி.

"ஓடினான்னா தப்பு அவ மேல. நடந்தான்னா அந்த ஆளு மேல. இது உங்களுக்குத் தெரியாதா சார்?"

"அப்ப ஆதாரம் கொண்டாங்க."

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த தங்கையின் கைப்பையில் அந்தக் காரின் விளக்கு மூடியிலிருந்து உடைந்த சில்லு ஒன்று சிக்கியிருந்தது. விளக்குக்காரி அதிலிருந்து இரண்டு வட்டம் வெட்டி, இழைத்து, அதே நிறத்தில் அதே ரக மாதிரிக் காருக்குப் பொருத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். விளக்கு எரிந்தது. எதிர்ச்சுவரில் சாலை தெரிந்தது, பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அவற்றின்மேல் தங்கை ஒரு கையை உயர்த்தியபடி, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். பாதிச் சுவரில் மறைந்தாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

அதிகாரி மூன்று முறை பார்த்தார். பிறகு, சிறிய காரின் சாட்சியம் செல்லாது, முழு அளவுக் காரைக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்தக் காரை உடைத்து இரும்புக்குப் போட அனுமதி கொடுத்ததே அவர்தான். "அந்தச் சொல்லை அடிக்கிற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்று விளக்குக்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

அலுவலகத்தார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள். காரை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். சாவித் துளை வழியாக வெளிச்சம் வந்தது. சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். வரைபடம் மாட்டினார்கள், தங்கை வரைபடத்தின்மேல் நடந்தாள். ஆறாவது வருடம், தேநீர் கொண்டுவந்தவர் சுவரோரமாகப் போகையில் அவள் எதிரே வருவதைக் கண்டு, "அவங்க முதல்ல போகட்டும்" என்று தட்டோடு நின்றுவிட்டார். அன்றைக்கு அவள் பாதியில் மறையவில்லை. கடைசிக் கோடு வரை வந்து, கையை இறக்கி, அந்தப் பக்கம் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் நிற்க ஆரம்பித்தார்கள். அதிகாரி ஓய்வு பெற்ற நாளில்கூட அவளுக்கு வழிவிட்டு நின்றுவிட்டுத்தான் வெளியேறினார்; சொல்லை அடிக்காமலே போனார். வெட்கங்கெட்ட மனிதர். விளக்குக்காரி இன்றும் செவ்வாய்தோறும் மனுவோடு வந்து பெஞ்சில் உட்காருகிறாள். புது அதிகாரி பரிசீலிப்பதாகச் சொல்கிறார். எதிரே குமாஸ்தாக்கள் கோப்புகளைச் சுமந்தபடி காத்து நிற்க, தங்கை நடந்து போகிறாள்.