மூன்றாவது படியில் நின்றவள்

லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது இரண்டு பேர். செருப்புக் கடைக்கு மேல்மாடியில் மாலை வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒருவர். அங்கே ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வரும் அப்பாவை அடுப்படி மேசையில் உட்காரவைத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும் சின்ன மகள் இன்னொருவர். சூப்பர்வைசர் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சொன்ன நாள் முதல் சின்னவள்தான் அப்பாவுக்கு வாத்தியார்.

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தது. மாஸ்டர் பலகையில் மூன்று படிகள் வரைந்து ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட் என்று எழுதியிருந்தார். சின்னவள் அதைக் கட்டடமாக்கினாள்.

"மாடின்னு நினைச்சுக்கோங்கப்பா. சும்மா வேகம்னா கீழ்த்தளம். இன்னொண்ண விட வேகம்னா ஒரு மாடி ஏறுங்க. எல்லாத்தையும் விட வேகம்னா மொட்டை மாடி."

"மொட்டை மாடிக்கு லிஃப்ட் போகாதுடி. கடைசி மாடியோட சரி."

"சரி, கடைசி மாடி. தொழில் புத்தி எங்க போகும்!"

அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் பெரியவள் தன் கல்லூரிப் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். பெரியவள் கொடி மாதிரி. சின்னவள் நல்ல பூசின உடம்பு. அந்தப் பேச்சை யாரும் அந்த வீட்டில் எடுக்கக்கூடாது. ஒருமுறை லிஃப்ட்காரரின் அக்கா வந்து, "சின்னவளுக்கு ரெண்டு ஆள் துணி எடுக்கணும் போலிருக்கே" என்று ஆரம்பித்தபோது, அவர் அக்காவின் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்குச் சின்னவள் அப்பாவின் தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

வகுப்பு முடியும் நாளில் ஒவ்வொருவரும் விருந்தினர் முன் ஆங்கிலத்தில் பேசவேண்டும். லிஃப்ட்காரர் மூன்று லிஃப்ட்டுகளைப் பற்றிப் பேசுவதென்று சின்னவள் முடிவு செய்தாள். ஆஸ்பத்திரி லிஃப்ட், பேங்க் லிஃப்ட், ஓட்டல் லிஃப்ட். பல் தேய்க்கும்போதும் அதையே சொல்லவைத்தாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மகள்கள் இருவரும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். விருந்தினராக வந்த கம்பெனி மேனேஜர் முன்வரிசையில் இருந்தார்.

லிஃப்ட்காரருக்கு முன்னால் பேசியவர் அதே வகுப்பில் படித்த ஒரு சலூன்காரர். மாமியாரின் நாக்கு நீளம், மனைவியின் நாக்கு அதைவிட நீளம், இரண்டையும் கேட்டுக் கேட்டு வளர்ந்த என் காதுதான் எல்லாவற்றையும் விட நீளம் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லித் தன் காதையே இழுத்துக் காட்டினார். அறை குலுங்கியது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் லிஃப்ட்காரர் எழுந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் வேகமானது என்றார். பேங்க் லிஃப்ட் அதைவிட வேகம் என்றார். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவள் உதட்டை அசைத்து அடுத்த வாக்கியத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். ஓட்டல் லிஃப்ட் நாக்கில் வரவில்லை.

"மை எல்டர் டாட்டர் இஸ் தின்," என்றார். "மை ஒய்ஃப் இஸ் ஃபேட். மை யங்கர் டாட்டர் இஸ் தி ஃபேட்டஸ்ட்!" அதோடு விட்டிருக்கலாம். முதல் சிரிப்பு கிளம்பியதும் ஆசை விடவில்லை. ஆள் எடை அதிகமானால் லிஃப்ட்டில் அலறும் மணியை நினைத்து, கையை உயர்த்தி, "ஷி கம், லிஃப்ட் பெல் ரிங்! கீங், கீங்!" என்றார்.

சலூன்காரருக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. ஆங்கிலம் அவருக்கு இரவல் சட்டை மாதிரி இருந்தது. அதில் பட்ட கறை தன்னுடையதல்ல என்பதுபோல. ஆனால் மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்கு அது இரவல் இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பியபோது சின்னவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சலூன்காரர் கடைசிப் படியில் தன்னையே நிறுத்திக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கைகுலுக்கி, "பிரமாதம். வேலை உங்களுக்குத்தான்," என்றார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை.

வழியில் பெரியவள் நாலடி முன்னால் நடந்தாள். சின்னவள் அவரோடுதான் வந்தாள். "தப்பே இல்லப்பா," என்றாள். "ஷி கம்ஸ்னு சொல்லியிருக்கணும். அவ்வளவுதான்."

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது டியூட்டி முடிந்து வந்திருந்த மனைவிக்கு, வேலை கிடைத்ததையும் கைதட்டலையும் கேட்டுப் பூரிப்பு தாங்கவில்லை. "அப்படி என்னதான் பேசினீங்க? எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க."

"சொல்லுங்கப்பா," என்றாள் பெரியவள். "அம்மாவும் சிரிக்கட்டும்."

அவர் வாயைத் திறந்தார். மேடையில் தடையில்லாமல் வந்தது தமிழில் வரவில்லை.

சின்னவள் முந்திக்கொண்டாள். "லிஃப்ட்ட பத்திதாம்மா. ஓட்டல் லிஃப்ட்தான் எல்லாத்தையும் விட வேகம்னு முடிச்சார்."

"இதுக்கா அவ்வளவு கைதட்டல்?"

மகள் தனக்காகப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைய அவரால் முடியவில்லை. "இல்ல," என்றார். பெரியவள் ஒல்லி என்றதைச் சொன்னார். மனைவியைச் சொன்னதைச் சொன்னார். பிறகு சின்னவளை. மணியையும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார்.

மனைவியின் கரண்டி அப்படியே நின்றது. "உங்க அக்காவ அன்னிக்கு வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டீங்க. உங்கள யாரு கொண்டுபோய் விடறது?"

சின்னவள் தட்டோடு எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அம்மாவுக்குத் தெரியாம இருந்துச்சு. அவங்ககிட்டயும் எதுக்குப்பா சொன்னீங்க?"

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள். எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த அவர் முன்னாலேயே அவருடைய தட்டு இருந்தது.