மெஷினில் வைக்காத கல்

எங்கள் அண்ணன் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். அடுத்தவர் கல் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். எடை, தண்ணீருக்குள் எடை, ஒளி உள்ளே எவ்வளவு வளைகிறது என்று எல்லாவற்றையும் மெஷினில் வைத்து எழுதிய பிறகுதான் பெயரே சொல்வான். அப்பாவின் கல்லை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தான்.

"அக்வாமரைன். சுமார் ரகம். நீயே பட்டை போட்டுடுடி" என்றான் என்னிடம். பட்டை தீட்டுவது என் தொழில். மெஷினில் வைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அப்பா முப்பது வருடம் சுரங்கத்தில் பாறை உடைத்து, நெஞ்செல்லாம் தூசியாகிக் கட்டிலோடு கிடக்கிறார். மேஸ்திரி உதவாது என்று ஒதுக்கிய வெளிர்நீலக் கல் அது. "அக்வாமரைன் இல்லடா, அதைவிடக் கனம்" என்று அப்பா சொல்லாத நாளில்லை. மேஸ்திரி சிரித்தார், அம்மா சிரித்தாள், நானும்தான் சிரித்தேன். கண்ணை மூடுவதற்குள் அது என்ன கல் என்று தெரிய வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

சக்கரத்தில் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, 'டிக்' என்றது. கல் இரண்டாகக் கிடந்தது. பிளந்த முகம் இழைத்துவிட்ட மாதிரி வழவழப்பாக இருந்தது. அக்வாமரைன் உடைந்தால் கரடுமுரடாகத்தான் பெயரும்.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினேன். அப்போதுதான் மகாராஜா மெஷினைத் திறந்தார். யூக்ளேஸ்! பெரிலியம், அலுமினியம், சிலிக்கா என்று இரண்டு கல்லுக்கும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். உள்ளே அடுக்கியிருக்கும் விதம் வேறு. யூக்ளேஸுக்கு ஒரு திசையில் பிடிமானமே கிடையாது, லேசாக அதிர்ந்தாலும் பிளந்துவிடும். இவ்வளவு பெரிய நீலத் துண்டை அண்ணன் படத்தில்தான் பார்த்திருக்கிறானாம். பாவி, முன்னமே தெரிந்திருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேனே!

"அப்பாகிட்ட அக்வாமரைன்தான்னு சொல்லிடலாம். அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றான்.

"உன் மானத்தைக் காப்பாத்த அவர் பைத்தியக்காரராவே சாகணுமா?" என்று கத்திவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கல் பிளந்ததையும் அதன் பெயரையும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பிளந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"சரிதாம்ப்பா."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "உடையறதுக்கு முன்னாடி மெஷின்ல வச்சியா?"

"நம்ம வீட்டுக் கல்தானேன்னு..."

"வேற யாராவது கொண்டுவந்திருந்தா வச்சிருப்ப."

அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. கொஞ்சம் அடங்கியதும் என்னைக் கேட்டார்.

"நீயாவது வச்சுப் பாக்கச் சொன்னியாம்மா?"

"சொன்னேம்ப்பா. அவன்தான் கேக்கல."

அண்ணன் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீ ஒருத்தியாவது என்னை நம்பினியே" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.