கதவுக்குப் பின்னால் ஹிந்தோளம்

மாலை வரவேற்புக்கு இன்னும் நேரமிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தி. நகர் கல்யாண மண்டபமே கண்ணயர்ந்து கிடந்தது. ராமானுஜம் மட்டும் முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பி மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் உறவுக்காரப் பையன் கிச்சாவின் மெல்லிசை. அதில் அவருடைய மகள் விஜயலக்ஷ்மி எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறாள். வீணை என்றால் மேடையேறலாம். மூன்று தலைமுறையாக வீணை வாசித்த வீட்டுப் பெண், இதைத் தோளில் மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பதாவது? மணமகள் அறைக்குள்ளிருந்து வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அறையிலிருந்து மேடையிலுள்ள ஸ்பீக்கர் பெட்டிவரை கிச்சா நீளமாக ஒயர் இழுத்திருந்தான்.

ஒத்திகை தொடங்கியது. ராமானுஜம் கண்களை மூடினார். மயிலாப்பூர் வீட்டில், பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அவள் வாசிக்கும் ஹிந்தோள ராகம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு சுரமும் வெயில் பட்ட நீர்த்துளியாய்த் தெறிக்கும். இப்போது வந்ததோ, குளத்தின் அடியில் யாரோ தூக்கத்தில் வாசிப்பதுபோல் மெத்தென்று, விளிம்பே இல்லாமல் மிதந்து வந்தது. அதுவும் ஓர் அழகுதான். ஆனால் அது அவள் கை இல்லை.

"ஏண்டி, கம்பளியைப் போத்திண்டு வாசிக்கறயா?"

விஜயலக்ஷ்மி கதவிடுக்கில் தலை நீட்டினாள். "நான் சரியாத்தாம்பா வாசிக்கறேன். ஒயர் இவ்வளவு நீளமானா, சத்தத்தோட பளபளப்பெல்லாம் வழியிலேயே கரைஞ்சுபோயிடறது."

"பெட்டியை உள்ளே வெச்சுக்கோ."

"அப்புறம் உள்ள இருக்கற புடவைகளுக்குத்தான் கச்சேரி, மாமா," என்றான் கிச்சா. "பெட்டியில குமிழைத் திருப்பிப் பாத்துட்டேன், போனது வரலை. விடுங்கோ. உங்காத்துப் பொண்ணு ஏதோ சுமாரா வாசிக்கறான்னு எல்லாரும் நெனச்சுப்பா, அவ்வளவுதானே."

சுமார். அந்தச் சொல் அவர் காதில் ஈயமாக இறங்கியது. அந்த வீணை வீட்டை யார் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சுமார் என்று சொன்னதில்லை.

எழுந்தார். "சின்ன ஒயர் இருக்கா?"

"இருக்கு, மாமா. ஆனா அவ மேடைக்கு, பெட்டி பக்கத்துலயே வரணும்."

"வரட்டும். ஒரு நாற்காலி போடு, உக்காந்துண்டு வாசிக்கட்டும்."

"நின்னாத்தாம்பா எனக்குக் கை வரும்," என்றாள் மகள் மெதுவாக.

கிச்சா தூக்கி வந்த நாற்காலியை ராமானுஜம் வாங்கி ஓரமாக வைத்தார்.

"நில்லு. ஆனா கூன் போடாம நில்லு."